கருந்தவளை கண்ட கர்னல்

ஐதராபாத்தில் இவ்வாண்டின் முதல் மழை பெய்த இரவு. எங்கள் விடுதிக்குப் பின்புறம் பாறைகளுக்கு இடையே தேங்கிய நீரில் தவளைகள் கூட்டமாகக் கத்தத் தொடங்கின. படிக்க முடியவில்லை என்று அடுத்த அறை நண்பர் சன்னலைச் சாத்தினார். நான் என் சன்னலைத் திறந்து வைத்தேன். உயிரியல் படிப்பவனுக்கு அவ்வொலி இரைச்சல் அன்று. மழை வந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கும் பறை அது.

நம் தமிழ் மன்ற மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறிவியல் மாணவன் ஆயிற்றே, இராமானுசனையோ சர் சி. வி. இராமனையோ எழுதுவான் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களைப் பற்றி எழுதப் பலர் உளர். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு வெள்ளைக்காரப் படைவீரர். நம் மலைகளில் கால் நூற்றாண்டு அலைந்தவர். செடிகளையும் பாம்புகளையும் தவளைகளையும் ஆராய்வோர் எவரும் அறிந்த பெயர் அவருடையது: ரிச்சர்டு ஹென்றி பெடோம். அவரைப் பாராட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. அவ்வழக்கில் நானும் ஒரு குற்றவாளி. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

பெடோம் 1830ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் இலண்டனின் கிளாப்பம் பகுதியில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே ஏற்க வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். சார்ட்டர்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் படித்து முடித்த இளைஞருக்குச் சட்டப் புத்தகங்களில் மனம் செல்லவில்லை. ஏறத்தாழப் பதினெட்டு வயதில் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பெற்றோர் ஒன்று நினைக்கப் பிள்ளை ஒன்று நினைப்பது எந்நாட்டிலும் உள்ளதே! நம் மன்றத்துத் தோழர்களுள் எத்தனை பேர், பொறியியல் படி என்று சொன்ன வீட்டிலிருந்து வேறு எதையோ படிக்க வந்தவர்கள்! அவர்களுக்கு இந்த இளைஞரின் மனம் விளங்கும்.

ஜபல்பூரில் இருந்த சென்னைக் காலாட்படையின் 42ஆம் பிரிவில் அவருக்கு வேலை. படைக்கு வேண்டிய பண்டங்களைக் கவனிப்பதும், சிப்பாய்களின் பேச்சை அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. ஓய்வு நேரத்தில் அவர் கண் செடி கொடிகளின் மேலேயே இருந்தது.

அக்காலத்தில் நம் காடுகளின் நிலை என்ன? ஆனைமலைத் தேக்கு மலையிலிருந்து இறங்கிக் கப்பல் கட்டும் துறைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் கீழே இட சிலீப்பர் கட்டைகள் வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். எங்கும் மரம், மரம் என்ற குரலே எழுந்தது. வெட்டிக்கொண்டே போனால் நாளை வெட்ட மரம் இராது என்ற அச்சம் அரசுக்கே வந்தது. அதே 1856இல் சென்னை மாகாணத்தில் காடுகளுக்கென ஒரு துறை ஏற்பட்டது. அதன் தலைவர் ஹியூ கிளெகார்ன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். அவர் பெடோமின் செடியறிவைக் கேள்வியுற்றுத் தமக்குத் துணைவராக எடுத்துக்கொண்டார். படைவீரர் காட்டு அதிகாரியானார். கிளெகார்னுக்குப் பின் அத்துறையின் தலைமையும் அவரிடமே வந்தது. 1882 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளில் கையொப்பம் இட்டுக்கொண்டே அந்த ஆண்டுகளை அவர் கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. நீலகிரி, ஆனைமலை, அகத்தியமலை, திருநெல்வேலி மலைகள் எல்லாம் அவருடைய கால் அறிந்த இடங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் அலைந்தார். அவருடைய குறிப்புகளில் கோல்கொண்டா மலை என்று ஓரிடம் வருகிறது. நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் பார்க்கும் கோட்டை அது என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். பின்னர்தான் தெரிந்தது, அது விசாகப்பட்டினத்தை அடுத்த வேறொரு மலை என்று. அங்கே அவர் கண்டு 1870இல் பெயரிட்ட அரணை ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, இந்நூற்றாண்டில்தான் மீண்டும் அகப்பட்டது.

அவர் எழுதிய நூல்கள் பல. தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய நூல் 1863, 1864ஆம் ஆண்டுகளில் வந்தது. தென்னாட்டு மரங்களை வகைப்படுத்திப் படங்களுடன் விளக்கிய பெருநூல் 1869 முதல் சில ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஓய்வு பெற்ற பிறகும் 1883இல் பெரணிகளுக்கு ஒரு கையேடும், 1886இல் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளைப் பற்றி ஒரு விரிவான கட்டுரையும் எழுதினார். திருமலைப் பகுதியில் மட்டும் வளரும் ஒரு சைக்கசு மரத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதுவும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் மரம். ஊருக்குப் போகும்போது நம் இரயில் திருப்பதியைத் தொடும் நேரத்தில் மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே இருக்கிறது அது.

தவளைகளுக்கும் அவர் பெயர் உண்டு. அவர் திரட்டி அனுப்பிய உயிர்களை இலண்டன் பொருட்காட்சிச் சாலையில் ஆராய்ந்த குந்தர் என்னும் அறிஞர் 1876இல் ஒரு தேரைக்கும் ஒரு தவளைக்கும் பெடோமின் பெயரைச் சூட்டினார். அத்தவளையின் இனத்தில் ஒரு வியப்பு உண்டு. வால்குஞ்சுகள் குளத்தில் நீந்தித் திரிவனவல்ல. நீர் கசியும் பாறையின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, துள்ளித் துள்ளி நகர்ந்து வளர்கின்றன. இத்தகைய உயிர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன என்பதை என் ஊர்ப் பள்ளியில் எனக்கு எவரும் சொல்லவில்லை. ஐதராபாத்துக்கு வந்த பிறகே அறிந்தேன். அதை எண்ணி வெட்கப்பட்டேன்.

இப்போது கருந்தவளைக்கு வருகிறேன். ஆனைமலையில் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் ஈரம் குறையாத அடர்ந்த காடு. பகலிலும் அங்கே அந்தி போல இருக்கும். விழுந்து கிடந்து மட்கிய மரக்கட்டைகளின் கீழே பெடோம் ஒரு சிறு தவளையைக் கண்டார். கட்டைவிரல் நுனியில் உட்காரும் அளவு. உடல் முழுதும் கருமை. கருமையின்மேல் விண்மீன் தெளித்தாற்போல நீலம் கலந்த வெண்புள்ளிகள். மார்பிலும் தொடையிலும் தீக்கங்கு போன்ற செம்மை. தவளைகளின் கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரியும் செவிப்பறை இதற்கு இல்லை. உள்ளே நடுச்செவியும் இல்லை. தொட்டால் உடலைச் சுருட்டிக்கொள்ளும். இதற்கு ஒப்பான இன்னொன்று எங்கும் இல்லை என்பதைக் கண்ட பெடோம், 1878இல் இதற்கென ஒரு புதுப் பேரினத்தையே வகுத்தார். மெலானோபட்ராக்கசு இண்டிகசு என்பது அவர் இட்ட பெயர். கருந்தவளை, இந்தியாவினது என்பது பொருள்.

அப்பேரினத்தில் இன்றுவரை இந்த ஓர் இனமே உள்ளது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மற்றத் தவளைகளிலிருந்து பிரிந்து தனிவழி வந்த குலத்தின் கடைசிப் பிள்ளை இது. இது மறைந்தால் ஓர் இனம் போகும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஒரு குலமே விளக்கணைந்து போகும். பெடோமுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இதனைக் கண்டவர் மிகச் சிலர். 1990களின் பிற்பகுதியில்தான் இது மீண்டும் கண்டறியப்பட்டதாக ஆய்விதழ்களில் செய்தி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழகத்திலும் கேரளத்திலும் சிதறிக் கிடக்கும் சில காடுகளே இதன் உலகம்.

பெடோமின் மேல் எனக்குள்ள வழக்கு என்ன என்று கேட்பீர்கள். மூன்று குற்றச்சாட்டுகள் உண்டு.

முதலாவது, அவர் கண்ட உயிர்களையெல்லாம் கொன்று புட்டியில் இட்டு இலண்டனுக்கு அனுப்பினார். இரண்டாவது, அவர் தலைமை தாங்கிய துறை காட்டைக் காத்தது மரத்துக்காகவே. தேக்கு உயர்ந்தது, மற்றவை களை. 1882இல் வந்த சென்னைக் காட்டுச் சட்டம் காட்டை அரசின் உடைமையாக வேலியிட்டது. காலங்காலமாக அங்கே வாழ்ந்தவர்களைத் தம் வீட்டிலேயே அனுமதி கேட்கும் நிலையில் நிறுத்தியது. மூன்றாவது, ஆனைமலையில் காடர்களின் துணையின்றி அக்காலத்தில் எந்த வெளியாரும் நெடுந்தூரம் சென்றிருக்க முடியாது. எந்தக் கட்டை எங்கே கிடக்கிறது, எந்த ஓடை கோடையிலும் வற்றாது என்று அறிந்தவர்கள் அவர்கள். பெடோமின் பெயரைத் தாங்கும் செடிகளும் பாம்புகளும் தவளைகளும் பல. அவருக்கு வழிகாட்டிய காடர் ஒருவரின் பெயரைத் தாங்குவது எது?

இக்குற்றச்சாட்டுகளை நான் எங்கள் வகுப்பில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் பேசிவிட்டு அறைக்கு வந்த பிறகு என் நெஞ்சு என்னைக் கேட்ட கேள்விகள் வேறு.

நான் வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன். என் பாட்டனாரின் தந்தையார் கங்காணியின் சொல்லை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு ஏறியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அம்மலையின் காடு வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையும் நடப்பட்டன. பெடோம் ஊர் திரும்பிய பிறகு நடந்தது அது. கோடரி பிடித்தவர்கள் எங்கள் மக்கள். கூலிக்குப் பிடித்தார்கள்; பசிக்குப் பிடித்தார்கள். இலாபம் கண்டவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். ஆயினும் நான் உண்ட சோறு அந்தத் தேயிலையிலிருந்து வந்தது. கருந்தவளையின் காடு இருந்த மலையில் அன்றோ நான் ஓடி விளையாடினேன்! அந்தத் தோட்டத்திலிருந்து படிப்புக்காக இந்தத் தக்காணப் பாறை நாட்டுக்கு வந்திருக்கிறேன். பிழைக்க வந்தவனின் கொள்ளுப்பேரன் படிக்க வந்திருக்கிறான். இடம் பெயர்ந்தவர்களுக்கு இடம் பறிகொடுத்த உயிரின் துன்பம் விளங்க வேண்டாமா?

என் குற்றம் இதனினும் சிறியது. ஆனால் இதனினும் என் சொந்தமானது. இளங்கலை படித்தபோது ஒரு விடுமுறையில் நண்பர்கள் நால்வரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். கைப்பேசியில் கருந்தவளையின் படம் ஒன்றைப் பார்த்திருந்தோம். எங்கள் தோட்டத்தை ஒட்டி வெட்டாமல் விடப்பட்ட காட்டுத் துண்டு ஒன்று உண்டு. அங்கே சென்று ஒரு பிற்பகல் முழுதும் மட்கிய கட்டைகளைப் புரட்டினோம். இருபது கட்டைகளுக்குக் குறையாது. தவளை அகப்படவில்லை. ஒரு கட்டையின் அடியில், ஈர மண்ணில், சிறு வெண்முட்டைகள் கொத்தாக இருந்தன. எதன் முட்டை என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. படம் எடுத்தோம். இருட்டியது. கட்டைகளைப் புரட்டியவாறே விட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் மீண்டும் சென்றேன். வெயில் பட்ட மண் வெடித்திருந்தது. முட்டைகள் இருந்த இடத்தில் எறும்புகள் ஊர்ந்தன. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். நாற்பது ஆண்டு அக்காட்டில் விறகு பொறுக்கியவர் அவர். காய்ந்த சுள்ளியை மட்டும் எடுப்பார். மட்கிய கட்டையைக் காலாலும் தீண்டமாட்டார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க எவனாவது கூரையைப் பிரிப்பானா என்று கேட்டுவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

என்னைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். 2020இல் கேரளத்து மழைக்காடு ஒன்றில் ஓர் ஆய்வாளர் விழுந்த மரங்களின் கீழே ஏழு கருந்தவளைகளைக் கண்டார். கொரோனாக் காலம் கழிந்து அவர் திரும்பிச் சென்றபோது, மரங்கள் புரட்டப்பட்டுக் கிடந்தன, செடிகள் மிதிபட்டிருந்தன, ஒரு தவளையும் இல்லை. இடையில் படம் எடுப்போர் கூட்டம் கூட்டமாக வந்து போயினர் என்று தெரிய வந்தது. அழகாகப் படம் அமையத் தவளைகளைக் கையில் எடுத்து இடம் மாற்றி வைத்தார்களாம். தவளை தோலாலும் மூச்சு விடும் உயிர். கைச்சூடும், கையில் பூசிய கொசு மருந்தும், வறண்ட காற்றும் அதற்கு நஞ்சு. தவளை தன் வாயால் கெடும் என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தத் தவளை நம் கையால் கெடுகிறது.

உலகெங்கும் தவளைகளுக்கு இது கெட்ட காலம். 2023இல் வெளியான ஓர் உலக மதிப்பீட்டின்படி, நீரிலும் நிலத்திலும் வாழும் இவ்வகை உயிரினங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 அழியும் ஆபத்தில் உள்ளன. காடு துண்டுபடுகிறது, ஓடை வற்றுகிறது, வெப்பம் ஏறுகிறது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் வேறு நாடுகளில் பல இனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அது ஒருவரின் காலணிச் சேற்றில் ஒட்டிக்கூட ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகலாம். நம் நகரின் அத்தாப்பூரில், உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடம் ஒன்று அழியும் உயிர்களுக்கென்றே இயங்குகிறது. தவளைகளின் பூஞ்சை நோயைக் கண்டறியும் ஆய்வும் அம்மையத்தில் நடந்துள்ளது. நாம் பேருந்தில் கடந்து போகும் சாலையோரத்தில் நம் மலைத் தவளைகளுக்கும் உதவும் பணி நடக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் பெடோமை என்ன செய்வது? மறப்பதா? நான் அப்படி எண்ணவில்லை. அவர் கொன்றார், ஆனால் கொன்றதை எங்கே, எந்த உயரத்தில், எதன் கீழே கண்டேன் என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லையேல், ஒரு நூற்றாண்டுக்குப் பின் கருந்தவளையை எங்கே போய்த் தேடுவது? எது காணாமற் போயிற்று என்றே நமக்குத் தெரிந்திராது. அவர் பெயரிட்டதால்தான் இன்று நாம் அதற்காக வாதாட முடிகிறது. அவர் கட்டையைப் புரட்டினார். ஓர் இனத்தை உலகுக்குக் காட்டினார். நான் கட்டையைப் புரட்டினேன். ஒரு படத்தைத் தவிர என் கையில் எதுவும் இல்லை. அறியாத காலத்தில் அறிவதற்காகப் புரட்டியது ஒன்று. அறிந்த பின்னும் ஆசைக்காகப் புரட்டியது இன்னொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

பெடோம் 1882இல் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். இலண்டனின் வாண்ட்ஸ்வொர்த்துப் பகுதியில் வாழ்ந்து, 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் எண்பதாம் வயதில் மறைந்தார். அவர் அனுப்பிய புட்டிகள் இன்றும் இலண்டனில் உள்ளன. சாராயத்தில் நிறம் மங்கிய தவளைகள் அங்கே. நிறம் மங்காத தவளைகள் இன்னும் நம் மலையில். அந்த இரண்டாவதைக் காப்பது இலண்டனின் வேலை அன்று, நம் வேலை.

அதற்குப் பெரிய பட்டம் எதுவும் வேண்டியதில்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில், அம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்கும் பணி இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்து வருகிறது. சென்ற விடுமுறையில் நாற்றுப் பையைச் சுமந்துகொண்டு நானும் சில நாள் போனேன். வேலையினிடையே ஒரு பெரிய கட்டை கிடந்தது. பாசி படர்ந்து, காளான் முளைத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதன் கீழே கருந்தவளை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கை துறுதுறுத்தது. பாட்டியின் கேள்வி நினைவுக்கு வந்தது. சுற்றிக்கொண்டு நடந்தேன்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு நீங்கள் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ மாஞ்சோலைக்கோ போவீர்கள். காட்டோரத்தில் மட்கிய கட்டை ஒன்று உங்கள் கண்ணில் படும். அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் கர்னல் பெடோம் நமக்காக ஒருமுறை பார்த்து எழுதிவிட்டார். நாம் மீண்டும் கூரையைப் பிரிக்க வேண்டாம். கட்டை கிடக்கட்டும்.